பிரம்பால் தீராத நோய்

வகுப்பிலே ஒரு சிறுவன் ஓயாது கண் சிமிட்டுகின்றான், தோளைக் குலுக்குகின்றான், திடீரெனக் குரைப்பது போல் ஓசை எழுப்புகின்றான். ஆசிரியர் குறும்பென்கிறார். தந்தை திமிரென்கிறார். பாட்டி பேய்ச்சேட்டையென்று மந்திரிக்க அழைத்துச் செல்கிறாள். மூவர் கூற்றும் பிழையே. 1885-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வைத்தியர் டூரெட் விவரித்த நரம்புக் கோளாறு இது. அடக்க முனைந்தால் தும்மல்போல் மீறி வரும்; அச்சமும் ஏச்சும் அதனை மிகுவிக்கும். அறிவை அது குறைப்பதில்லை, பிறரைத் தொற்றுவதுமில்லை.

பிராட் கோஹன் என்ற அமெரிக்கரின் வாழ்வைக் கூறும் ‘ஃபிரண்ட் ஒஃப் த கிளாஸ்’ என்னும் படம் 2008-இல் வெளிவந்தது. தந்தை கடிந்து கொண்டிருக்க, தாய் நூல்நிலையத்தில் தேடி நோயின் பெயரைக் கண்டறிகிறாள். ஓர் அதிபர் சிறுவனை மேடையேற்றி, தன் நிலையைத் தானே விளக்கச் செய்கிறார். அன்றே ஏளனம் அடங்குகிறது. பின்னர் 24 பாடசாலைகள் நிராகரித்த அவரை 25-ஆவது பாடசாலை ஆசிரியராக ஏற்றது. அவர் நூலைத் தழுவியே ராணி முகர்ஜி நடித்த ‘ஹிச்கி’ என்ற இந்திப் படமும் 2018-இல் வந்தது.

ஸ்பிரிங்வெளியில் விடிந்ததும் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் தாய் எந்த நூல்நிலையத்தில் தேடுவாள்? அவள் செய்ய இயலாததைப் பாடசாலையும் அரசுமே செய்தல் வேண்டும்.

சட்டம் இல்லையா என வினவலாம். 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காட்டிக் கல்விக்கூட அனுமதியில் பாரபட்சம் செய்வதைத் தடுத்தது. ஆயின் அதன் வரைவிலக்கணமோ, வாழ்க்கைத் தேவைகளைத் தானே முற்றாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற இயலாதவரையே குறித்தது. தானே உண்டு, உடுத்து, ஓடியாடும் இச்சிறுவன் அதனுள் அடங்குவானா? அடங்கான் என வாதிட ஒரு வழக்கறிஞருக்கு அதிக நேரம் செல்லாது. இலங்கை 2016-இல் உறுதிப்படுத்திய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ, உடற்குறையை மட்டுமன்றிச் சமூகம் இடும் தடைகளையும் கணக்கிற் கொள்கிறது. உள்நாட்டுச் சட்டத்தின் சொற்களும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை பிள்ளை காத்திருத்தல் ஆகாது. ஆதலின் நாம் கோருவன மூன்று: ஊவாவின் ஒவ்வோர் ஆசிரியருக்கும் இந்நோயின் அறிகுறிகள் தமிழிற் கற்பிக்கப்படல் வேண்டும், பெற்றோர் தம் மொழியிலேயே விளக்கம் பெறும் வைத்திய ஏற்பாடு பதுளையில் வேண்டும், ஓசை எழுப்பினான் என்பதற்காக எப்பிள்ளையும் வகுப்பிலிருந்து விரட்டப்படலாகாது. பெற்றோரே, பிள்ளையை அடிக்க ஓங்கும் கையாலேயே அவனைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு லயத்தை விட்டு வெளியேறும் வழி கல்வி ஒன்றே. அதனை ஒரு பிரம்பு அடைத்துவிட நாம் அனுமதியோம்.