ரிங் ரோட்டின் இரண்டு கணக்குகள்

தில்லியின் ரிங் ரோட்டில் தௌலா குவானுக்கு மேற்கே கன்டோன்மென்ட். அங்கே ராணுவத்தின் ராஜ்யம். தெற்கே கொஞ்ச தூரம் வந்தால் மோதி பாக். இது சிவில் அதிகாரிகளின் ராஜ்யம். இங்குள்ள புதிய மோதி பாக் குடியிருப்பில் மத்திய அரசின் செயலாளர்கள் வசிக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். பென்ஷன் கணக்கில் மட்டும் தூரம் அதிகம்.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறைக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். விமானம், கப்பல், பீரங்கி வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு அதில் 1.80 லட்சம் கோடி. பென்ஷனுக்குச் சுமார் 1.61 லட்சம் கோடி. பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்களின் பென்ஷனும் இதில் அடக்கம் என்றாலும், இப்படியே போனால் ஆயுதம் வாங்கக் காசு ஏது என்ற கவலையை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இந்தச் சுமை எப்படி வந்தது? படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சிப்பாய்களில் பெரும்பாலோரை 35இலிருந்து 40 வயதுக்குள் அரசு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. சிவில் ஊழியருக்கு 60 வயது வரை வேலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வயதில் சிப்பாயின் சம்பளம் நிற்கிறது. பென்ஷன் அவருக்குச் சலுகை அல்ல. சீக்கிரம் அனுப்பியதற்கான விலை.

ஒவ்வொரு சம்பளக் கமிஷனுக்குப் பிறகும் இன்னொரு அநீதி சேர்ந்தது. ஒரே பதவி, ஒரே சேவைக் காலம். முன்னால் ஓய்வு பெற்றவருக்குக் குறைந்த பென்ஷன், பின்னால் வந்தவருக்கு அதிகம். இதைச் சரிசெய்யக் கேட்டதுதான் 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்'. 2011இல் பகத் சிங் கோஷ்யாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு இதை ஆதரித்தது. 2014 பிப்ரவரியில் ப. சிதம்பரம் இடைக்கால பட்ஜெட்டில் ஒப்புக்கொண்டு 500 கோடி ஒதுக்கினார். ஆட்சி மாறியது; ஆணை வரவில்லை. 2015 ஜூனில் மாஜி ராணுவத்தினர் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். சுதந்திர தினத்துக்கு முதல் நாள், பதக்கம் அணிந்த முதியவர்களைப் போலீஸ் பிடித்துத் தள்ளியதை நாடே பார்த்தது. நவம்பரில் ஆணை வந்தது.

ஆனால் பென்ஷன் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் திருத்தப்படும் என்றது ஆணை. 2022இல் உச்ச நீதிமன்றம் இது அரசின் கொள்கை முடிவு என்று ஏற்றது. அதே சமயம், 2019 ஜூலையிலேயே செய்திருக்க வேண்டிய திருத்தத்தைச் செய்யச் சொன்னது. பாக்கித் தொகைக்காக மறுபடியும் வழக்கு. 2023 மார்ச்சில் நீதிமன்றமே தவணை வகுத்துக் கொடுத்தது.

மோதி பாக்கில் இத்தனை பாடு இல்லை. அரசுச் செயலாளரின் சம்பளம் ஏழாவது கமிஷன்படி மாதம் 2.25 லட்சம், ஏற்ற இறக்கமற்ற ஒரே தொகை. பென்ஷன் அதில் பாதி. முன்னால் ஓய்வு பெற்றாலும் பின்னால் ஓய்வு பெற்றாலும் ஒன்றுதான். ராணுவத் தளபதிகள் சிலருக்கும் இந்த வசதி உண்டு. உச்சியில் இருப்பவர்களுக்கு ஒரே பதவி, ஒரே பென்ஷன் சத்தமில்லாமல் கிடைத்துவிட்டது. சிப்பாய்தான் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

செலவைக் குறைக்க நியாயமான வழி இல்லாமல் இல்லை. சிப்பாய்களை மத்திய போலீஸ் படைகளுக்கு மாற்றலாம் என்று ஆறாவது சம்பளக் கமிஷன் 2008இல் சொன்னது. அனுபவமும் வீணாகாது, பென்ஷனும் தள்ளிப்போகும். அந்த யோசனை காகிதத்தோடு நின்றது. 2022இல் வந்தது அக்னிபத்: நான்கு ஆண்டு வேலை, நான்கில் ஒருவருக்கு மட்டும் நீடிப்பு, மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதிலும் ஏறக்குறையப் பாதி, அவர்கள் சம்பளத்திலேயே பிடித்தது. பென்ஷன் கிடையாது.

முதல் அணியின் நான்கு ஆண்டுக் கெடு 2026 கடைசியில் முடியத் தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் வேலூர்ப் பக்கத்திலும் உண்டு, கர்வாலிலும் உண்டு. அந்த வீடுகளுக்கு அரசு தந்த உறுதிமொழி என்பது பென்ஷன்தான்.

கஜானாவைக் காப்பது அதிகாரியின் கடமை. ஆனால் 60 வயது வரை வேலையும் அதன்பின் நிச்சயமான வருமானமும் உள்ளவர்கள், 25 வயதில் திரும்பி வருபவனின் கணக்கைப் போடும்போது, தங்கள் கணக்கையும் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது.