வினூ மன்கட்: பெயரும் பழியும்

ஒரு மனிதனின் பெயர் மொழியிலே ஒரு சொல்லாக நிலைத்துவிடுவது அருமை. தமிழில் கூனி என்றாலும் சகுனி என்றாலும் விளக்கம் வேண்டியதில்லை. கதையில் அவர்களுக்கு வாய்த்த தொழிலே அதுவாதலால் அப்பழி அவர்களுக்குப் பொருந்தும். ஆனால், வாழ்நாளெல்லாம் உழைத்த ஒருவரின் வரலாற்றிலிருந்து ஒரு கணத்தை மட்டும் கிள்ளி எடுத்து, அதற்கு அவர் பெயரை இட்டு, ஏனையவற்றை மறந்துவிடுவது நீதியாகுமா? இந்தியக் கிறிக்கெட் வீரர் வினூ மன்கட்டை நினைக்குந்தோறும் இக்கேள்வி என்னுள் எழுகின்றது.

பந்து வீச்சாளர் பந்தைக் கைவிடுமுன்னரே, மறுமுனையில் நிற்கும் துடுப்பாட்டக்காரர் ஓட்டத்தை நாடிக் கோட்டைத் தாண்டிப் புறப்படுவதுண்டு. அவ்வேளை வீச்சாளர் விக்கெட்டைத் தட்டி அவரை ஆட்டமிழக்கச் செய்யலாம். 1947 டிசம்பரில், சிட்னி டெஸ்ட் போட்டியில், அவுஸ்திரேலியாவின் பில் பிரவுணை மன்கட் இவ்வாறு வெளியேற்றினார். அதே சுற்றுப்பயணத்தின் முந்திய போட்டி ஒன்றிலும் பிரவுண் இதே வழக்கத்தால், எச்சரிக்கப்பட்ட பின்னர், மன்கட்டிடம் ஆட்டமிழந்திருந்தார். பத்திரிகைகள் சில மன்கட்டைக் கடிந்தன. எதிரணித் தலைவரான டொன் பிராட்மனோ, தாம் பின்னர் எழுதிய நூலில் மன்கட்டின் பக்கமே நின்றார். ஆயினும் என்ன? மன்கட் என்னும் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாயிற்று. வஞ்சனை என்ற சாயலோடு அது வழங்கலாயிற்று.

அந்தப் பெயருக்குரியவர் யார்? 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஜாம்நகரிலே பிறந்தவர். கிறிக்கெட் உலகம் போற்றிய ரஞ்சித்சிங்ஜி அரசாண்ட ஊர் அது. ஆனால் மன்கட் அரச குடும்பத்தவரல்லர். உலகப் போர் அவருடைய இளமையின் சிறந்த ஆண்டுகளை விழுங்கிற்று. முதல் டெஸ்ட் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 29. அந்த 1946ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களையும் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளையும் அவர் பெற்றார். 44 டெஸ்ட் போட்டிகளில் 2,109 ஓட்டங்கள், 162 விக்கெட்டுகள் என்பது அவருடைய முழுக் கணக்கு. முதலாவது இடத்திலிருந்து பதினோராவது இடம் வரை, துடுப்பாட்ட வரிசையின் எல்லா இடங்களிலும் ஆடியவர் அவர். 1956இல் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராகப் பங்கஜ் ரோயுடன் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்களைச் சேர்த்தார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அதனை எவரும் விஞ்சவில்லை.

இவற்றை விளையாட்டுப் பக்கத்தில் படிக்கலாமே, இலக்கியப் பக்கத்தில் ஏன் என்று வாசகர் கேட்கக்கூடும். நான் பேச வந்தது கணக்கைப் பற்றியன்று. உழைப்பவனை உலகம் எவ்வாறு மதிக்கின்றது என்பதைப் பற்றியே.

மன்கட் கிறிக்கெட்டைத் தொழிலாகக் கொண்டவர். அக்காலத்து இங்கிலாந்தில் கூலி பெறாது ஆடுபவர் கனவான். கூலி பெறுபவர் வெறும் ஆட்டக்காரர். ஓட்டப் பட்டியலிலே கனவானுக்குத் தலைப்பெழுத்துகள் பெயருக்கு முன்னே நிற்கும். கூலிக்கு ஆடுபவனுக்கோ பெயருக்குப் பின்னே. இவ்வேற்றுமை 1962இலேதான் ஒழிந்தது. நம்முடைய கோயில் திருவிழாவில் நாதசுரக் கலைஞர் சன்மானம் பெறுகின்றார். அதனால் அவருடைய தோடி குறைபட்டுவிடுகிறதா? கலையை நம்பி வாழ்பவனே அதன் நுட்பத்தைக் கண்ணுங் கருத்துமாகப் பேணுகின்றான்.

1952ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அவ்வாண்டு பெப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்று, இந்தியா தன் முதலாவது டெஸ்ட் வெற்றியைக் கண்டது. அப்போட்டியில் மன்கட் வீழ்த்தியவர் பன்னிருவர். அடுத்து இங்கிலாந்துச் சுற்றுப்பயணம் வந்தது. அதே பருவத்தில் ஆட, லங்காஷயர் லீக்கைச் சேர்ந்த ஹஸ்லிங்டன் கழகம் அவருக்கு ஊதியத்துடன் அழைப்பு விடுத்திருந்தது. தம்மை அணியிற் சேர்ப்பதாக உறுதி தந்தால் அவ்வேலையை விட்டுவிடுவதாக அவர் இந்தியச் சபையிடம் கேட்டார். உறுதி கிட்டவில்லை. அவர் கழகத்துக்குச் சென்றார். லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டின் இரண்டாவது இனிங்ஸில், ஓட்டம் ஒன்றும் பெறாமலே இந்தியா நான்கு விக்கெட்டுகளை இழந்தது. அதன் பின்னரே கழகத்திடம் மன்கட்டைக் கேட்டுப் பெற்றார்கள்.

லோர்ட்ஸ் மைதானத்தில் அவர் ஆடிய ஆட்டம் ஒரு தனிமனிதனின் போர் எனலாம். ஆரம்ப ஆட்டக்காரராக 72 ஓட்டங்கள். பின்னர் 73 ஓவர்கள் வீசி ஐந்து விக்கெட்டுகள். அக்களைப்போடு மீண்டும் இறங்கி 184 ஓட்டங்கள். இந்தியா தோற்றது, ஆனால் அந்த டெஸ்ட் மன்கட்டின் டெஸ்ட் என்றே இன்றும் பேசப்படுகின்றது. பிழைப்புக்காக உறுதி கேட்டவனைப் பணத்தாசை பிடித்தவன் என்று எண்ணியோர் இருந்திருந்தால், அந்த ஐந்து நாள்களே அவர்களுக்கு விடையாகும்.

விதி மட்டும் போதாது, விதிக்கு மேலே ஒரு பண்பு உண்டு என்பர் சிலர். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பண்பை முதலில் மீறியவர் யார்? உரிய நேரத்துக்கு முன் புறப்பட்டு ஒரு சாண் நிலத்தைக் களவாக எடுத்தவரன்றோ? எடுத்தவரைப் பழிக்காது, கண்டுபிடித்தவரைப் பழிப்பது எந்த ஊர் நியாயம்? ஓட்டம் ஒன்று போனால் கனவான் சிரித்துக்கொண்டே விட்டுவிடலாம். ஓட்டத்தை எண்ணி வாழும் தொழிலாளிக்கு அப்பெருந்தன்மை எளிதன்று.

நம் நாட்டு வீரர் ஒருவரும் இப்பழியின் நிழலில் நின்றதுண்டு. 2014இல் பேர்மிங்காமில், எச்சரித்த பின்னரே இங்கிலாந்தின் ஜொஸ் பட்லரை இவ்வாறு ஆட்டமிழக்கச் செய்தார் சசித்ர சேனாநாயக்க. அன்று அவரை ஏசியவர்கள் கையாண்ட சொல்லும் மன்கட்டின் பெயரே. விதியைக் காக்கும் எம்.சி.சி., 2022இல் இவ்வகை ஆட்டமிழப்பை முறையற்ற ஆட்டம் பற்றிய பிரிவிலிருந்து நீக்கி, ரன் அவுட் பிரிவில் சேர்த்தது. சட்டத்திலே பழி நீங்கியது. பேச்சிலே இன்னும் நீங்கவில்லை.

1978இல் மன்கட் மறைந்தார். சொற்களைக் காப்பதும் கைவிடுவதும், சட்டம் இயற்றுவோர் கையில் இல்லை. பேசுவோர், எழுதுவோர், கற்பிப்போர் கையிலேயே உள்ளன. ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாணவன் ஒருவன் இச்சொல்லின் பொருளைக் கேட்டால், சிட்னியோடு நிறுத்திவிடாதீர்கள். லோர்ட்ஸிலே 73 ஓவர் வீசிய கை, அதன் பின்னும் துடுப்பெடுத்து 184 ஓட்டங்கள் குவித்த கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள்.