எழுதியவர் யார், ஸ்வாமி?

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் என்னைத் தேடிக்கொண்டு யாரும் மந்தைவெளிக்கு வரவேண்டாம். வந்தால் பத்து மணிவரை திண்ணையில் காத்திருக்க நேரிடும். அந்த ஒரு மணி நேரம் எனக்கும் என் வானொலிப் பெட்டிக்கும் சொந்தம். தனியார் பண்பலை நிலையம் ஒன்று வாரம் ஒருமுறை பழைய சினிமாப் பாட்டுகளை ஒலிபரப்புகிறது. எந்த நிலையம் என்று சொல்லப் போவதில்லை. பெயர் சொல்லாமல் விடுவது அவர்களுடைய வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் நானும் அவர்களைப் பின்பற்றுகிறேன்.

சென்ற மாதம் ஒருநாள் ‘கல்யாணப் பரிசு’ படத்திலிருந்து ஒரு ஜோடிப் பாட்டு வைத்தார்கள். “அடுத்து வருவது காதல் மன்னன் ஜெமினி கணேசனின் சூப்பர் ஹிட்!” என்று அறிவிப்பாளர் துள்ளினார். பாட்டு முடிந்தது. உடனே தியாகராய நகர்ப் புடவைக் கடை ஒன்றின் விளம்பரம். கடையின் பெயர், தெருவின் பெயர், டெலிபோன் நம்பர் எல்லாம் இரண்டிரண்டு தடவை.

ஜெமினி நல்ல நடிகர். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தப் பாட்டை அவர் எழுதவில்லை, மெட்டுப் போடவில்லை, பாடவும் இல்லை. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இசையமைத்து, பி. சுசீலாவுடன் சேர்ந்து பாடியவர் ஏ. எம். ராஜா. படம் வெளிவந்தது 1959 ஏப்ரலில். அதே ஆண்டு அக்டோபரில், 29 வயதில், கல்யாணசுந்தரம் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன ஆஸ்தி அந்தப் பாட்டுகள்தாம். ஆஸ்தியை அனுபவிப்போம், சொந்தக்காரன் பெயரை மட்டும் சொல்லமாட்டோம் என்றால் அதற்கு என்ன பெயர்?

மறுநாள் நிலையத்துக்கு டெலிபோன் செய்தேன். அந்த அறிவிப்பாளரே பேசினார். மரியாதையான பிள்ளை.

“பேரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா நேயர்கள் வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க சார்.”

“பத்து வினாடிக்குள்ளா தம்பி?”

“அதோட, வேணும்னா போன்லயே பார்த்துக்கலாமே சார்?”

பார்க்கலாம்தான். ஆனால் எழுதியவர் என்று ஒருவர் உண்டு என்ற நினைப்பு இருப்பவன்தானே பார்ப்பான்? ஜெமினியின் பாட்டு என்று கேட்டு வளர்கிற குழந்தை எதைத் தேடும்? ஒரு மணி நேரத்தில் பத்துப் பாட்டு வைக்கிறார்கள். பாட்டுக்குப் பத்து வினாடி என்றாலும் மொத்தம் நூறு வினாடி. புடவைக் கடைக்குக் கொடுக்கிற நேரத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பெயர்ச் சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 1952இல் கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது, படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அகில இந்திய வானொலி அதை நிறுத்தியது. படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். பாட்டுகளுக்கு அளித்திருந்த அனுமதி போயிற்று. ரசிகர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அங்கே மயில்வாகனம் முதல் அப்துல் ஹமீத் வரை அறிவிப்பாளர்கள் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒருவரும் பெட்டியை மூடிவிட்டு ஓடவில்லை. கடல் தாண்டி வந்த அந்தக் குரல்களிடம்தான் மயிலாப்பூர் வீடுகளில் பாதிப் பேர் கவிஞர்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டோம்.

இன்னொரு சங்கதி. 1949இல் ‘மஹல்’ என்ற இந்திப் படம் வந்தது. அதன் புகழ்பெற்ற பாட்டின் இசைத்தட்டில் பாடியவர் ‘காமினி’ என்று அச்சடித்திருந்தார்கள். காமினி என்பது கதையில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! பாடியது யார் என்று கேட்டு வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. நிலையத்தார் இசைத்தட்டுக் கம்பெனியிடம் விசாரித்து, லதா மங்கேஷ்கர் என்ற பெயரை அறிவித்தார்கள். அவ்வளவு பெரிய பெயரையே ரசிகர்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

சட்டமும் நம் பக்கம்தான் பேசுகிறது. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின் 31-டி பிரிவைப் பாருங்கள். சட்டம் தருகிற உரிமத்தின் பேரில் பாட்டை ஒலிபரப்புகிறவர்கள், படைத்தவர் பெயரையும் முக்கியக் கலைஞர்கள் பெயரையும் கூடவே அறிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ‘நாங்கள் உரிமையாளரோடு தனி ஒப்பந்தம் செய்திருக்கிறோம், அந்த விதி எங்களுக்கு இல்லை’ என்று சில நிலையங்களின் வக்கீல்கள் வாதாடலாம். வாதாடட்டும். செய்நன்றிக்கு ஒப்பந்தம் எதற்கு?

பழைய பாட்டைப் போடுவது பெரிய தொண்டு என்று இவர்கள் மார் தட்டிக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் ஞாயிறு தோறும் நான் ஏன் காத்திருக்கிறேன்? ஆனால் பாட்டை உயிரோடு வைத்துவிட்டுப் பாட்டெழுதியவனை இரண்டாவது தடவை சாகடிப்பது தொண்டில் சேராது.

ஆகவே, நேயர்களே, ஆளுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். ‘எழுதியவர் யார், ஸ்வாமி?’ என்ற ஒரு வரி போதும். 1949இல் கடிதம் போட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் கேட்டதால்தான் காமினி போய் லதா வந்தார்.