காய்ச்சலில் வலிப்பு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள்

நம் தோட்டத்து மக்களிடம் ஒரு விநோதமான வழக்கம் இருக்கிறது. சிறு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்தால் வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடவே ஓடி வருகிறார்கள். அதே இழுப்பு 35 வயது மனைவிக்கோ 40 வயது கணவனுக்கோ வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். "வெளியே தெரிஞ்சா அசிங்கம்." "வீட்டிலே பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது." "மண்டோர் காதுக்குப் போனா வேலை போயிடும்." காரணங்கள் இப்படி வரிசையாக வருகின்றன. கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மறுநாள் காலை வெட்டுக்கு அனுப்பிவிடுகிற வீடுகளும் உண்டு.

இது தலைகீழான வழக்கம் என்பதே என் கருத்து. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வெறும் காய்ச்சல் சூட்டினாலேயே வலிப்பு வரக்கூடும். மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் எந்தக் குறையும் இல்லாமல் தேறிவிடுகிறார்கள். வளர்ந்தவர் கதை வேறு. பெரியவருடைய மூளை வெறும் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் வலிப்புக் காட்டாது. வாழ்நாளில் முதல் தடவையாக, அதுவும் காய்ச்சலோடு, ஒரு பெரியவருக்கு வலிப்பு வந்தால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று எண்ணித்தான் நடக்க வேண்டும். பிள்ளைக்கு ஓடியதைவிட வேகமாக இங்கேதான் ஓட வேண்டும்.

பின்னால் என்ன இருக்கும்? மூளையிலோ மூளையைச் சுற்றிய சவ்விலோ கிருமி புகுந்திருக்கலாம். இதைத்தான் மூளைக்காய்ச்சல் என்கிறோம். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 1998, 1999 ஆண்டுகளில் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, மயக்கம், வலிப்பு என்று வந்தது. முதலில் அது கொசுவினால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணி, தடுப்பூசி போட்டார்கள், கொசுப் புகை அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது வேறு கிருமி என்று கண்டுபிடித்த பிறகே உண்மை தெரிந்தது. நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அந்தக் கிருமிக்கும் வந்தது. 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பண்ணையில் கைகால் உழைத்துப் பிழைத்த வளர்ந்த ஆட்கள். "பெரிய ஆளுக்கு வந்தா தானா போயிடும்" என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்திலும் இதற்கான வாய்ப்புகள் குறைவில்லை. செம்பனையில் எலி உண்டு. அதன் மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். புதரில் இருக்கும் சின்னஞ்சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சலும் உண்டு. கடித்த இடத்தில் சில வேளை கறுப்புப் பொருக்கு மாதிரி ஒன்று இருக்கும். அக்குளிலும் இடுப்பிலும் தேடிப் பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோய்க்குக் குளோரம்பெனிக்கால் மருந்து கேட்கும் என்பதை 1948-இல் கோலாலம்பூரில்தான் சோதித்து அறிந்தார்கள். டெங்கியும் இருக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு கொண்டுபோகும் பழைய மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பரவவில்லை என்றாலும், குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா காட்டோரத் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஆகவே மருத்துவரிடம் "காய்ச்சல், வலிப்பு" என்பதோடு நிறுத்தாதீர்கள். பழம் வெட்டுகிறவரா, மருந்தடிக்கிறவரா, எந்த மருந்து அடித்தார், காட்டோரமா, அண்மையில் வெளிநாடு போய் வந்தாரா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். நோயாளி மயங்கிக் கிடக்கும்போது இதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே ஆள் துணைவர்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது சம்சு. தினமும் குடிக்கிற ஒருவர் காய்ச்சலில் படுத்துக் குடியை திடீரென்று நிறுத்தினால், ஓரிரண்டு நாளில் நடுக்கமும் வியர்வையும் கண்டு வலிப்பும் வரலாம். "அவரு குடிக்கவே மாட்டாருங்க" என்று மனைவி மானத்துக்காகச் சொல்லும் பொய்யால் மருத்துவர் வேறு திசையில் தேடிக்கொண்டிருப்பார். மருத்துவரிடம் குடிக் கணக்கைச் சொல்வது புருஷனைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

வலிப்பு நடக்கும் நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யக் கூடாததுதான் அதிகம். இரும்பு வேண்டாம், செருப்பு நாற்றம் வேண்டாம், வெங்காயம் வேண்டாம். பல் கிட்டிக்கொள்கிறதே என்று கரண்டியை வாயில் விடாதீர்கள்; பல்தான் உடையும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. வாயில் தண்ணீரோ காப்பியோ மாத்திரையோ ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய்விடும். கைகாலை நாலு பேர் அமுக்கிப் பிடித்தால் எலும்பு முறியும். பக்கத்தில் கத்தி, அடுப்பு, மேசை முனை இருந்தால் நகர்த்துங்கள். தலைக்கு அடியில் ஒரு கைலியை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். உதறல் தணிந்ததும் ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியட்டும். மணி பாருங்கள். பதற்றத்தில் 1 நிமிடம் 10 நிமிடமாகத் தெரியும், அதனால்தான் மணி பார்க்கச் சொல்கிறேன்.

5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலும் உடனே 999. முதல் வலிப்பு என்றாலோ, காய்ச்சலோடு கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு, பிதற்றல் இருந்தாலோ, வலிப்பு 1 நிமிடத்தில் நின்றிருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கர்ப்பிணியாக இருந்தாலும் அப்படியே. ஆம்புலன்சுக்குத் தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த டிவிஷன், எந்த நுழைவு வழி என்று சொல்லி, ஒரு பையனை மோட்டார் சைக்கிளில் சாலை முனைக்கு அனுப்பி நிற்கச் செய்யுங்கள். முன்பெல்லாம் பெரிய தோட்டங்களில் சொந்த ஆஸ்பத்திரியும் டிரசரும் இருந்தார்கள். நள்ளிரவில் கதவைத் தட்டலாம். அந்தக் காலம் பல இடங்களில் போய்விட்டது. இன்று பக்கத்து வீட்டில் இருப்பவர் வங்காளதேசத்துத் தம்பியாகவோ இந்தோனேசிய அக்காளாகவோ இருக்கலாம். அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைப்பதைச் செய்து காட்டினாலே போதும், மொழி தேவையில்லை.

முடிந்தால் கைப்பேசியில் வலிப்பைப் படம் பிடிப்பது மருத்துவருக்குப் பெரிய உதவி. எந்தக் கை முதலில் உதறியது, கண் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் அது மருத்துவர் கண்ணுக்கு மட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவன் மனிதனே அல்ல. வலிப்பில் சேலை நனைந்துபோகலாம், உடை விலகலாம். கணவனின் முதல் கடமை ஒரு துணியைப் போர்த்தி, கூட்டத்தை விலக்குவது. தெளியும்போது அவள் யாரையும் அடையாளம் தெரியாமல் விழிக்கலாம், பிடித்த கையைத் தள்ளலாம், அழலாம். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. மூளை களைத்துப் போயிருக்கிறது. பெயர் சொல்லி மெதுவாகப் பேசுங்கள், தூங்க விடுங்கள். அம்மனுக்கு நேர்ந்துகொள்வதை நான் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நேர்ந்துகொள்ளலாம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய தடை வரும். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். உடனே கூட வந்த சித்தப்பாவும் மாமாவும், "முதுகிலே ஊசி போட்டா இடுப்பு விழுந்துடும், வேணாம்" என்பார்கள். இந்தப் பயத்தைப் போல நம்மவர்களைக் கெடுத்தது வேறு எதுவும் இல்லை. தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசியைப் போடுகிறார்கள். பிறகு இரண்டொரு நாள் தலைவலி வரலாம், முதுகு வலிக்கலாம். ஆனால் மூளைச் சவ்வில் கிருமி இருக்கிறதா, எந்தக் கிருமி, சாதாரணக் கிருமியா காசநோய்க் கிருமியா என்பதை அந்தச் சில சொட்டு நீர்தான் சொல்லும். அந்தப் படிவத்தில் முடிவு சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் கணவனோ மனைவியோதான். புரியவில்லை என்றால் மருத்துவரை மறுபடி கேளுங்கள், தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிடச் சொல்லுங்கள். சித்தப்பாவை வெளியே காப்பி வாங்க அனுப்பலாம்.

ஏற்கனவே வலிப்பு நோய் உள்ளவர் என்றால் கதை கொஞ்சம் மாறும். அவர்களுக்குச் சாதாரணக் காய்ச்சலே வலிப்பைக் கிளப்பிவிடும். காய்ச்சலில் வாந்தி எடுக்கிறார்கள், மாத்திரை வெளியே போய்விடுகிறது. இரவில் தூக்கம் இல்லை. பசியில்லை என்று மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சல் நாட்களில் சோறு குறையலாம். வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். பாரசெட்டமால் உடம்பு வலியையும் சூட்டையும் குறைக்கும், வலிப்பு மாத்திரையின் வேலையைச் செய்யாது. 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் 8-க்கு மேல் போகக் கூடாது. கடையில் வாங்கிய பெனடோலும் கிளினிக்கில் கொடுத்த வெள்ளை மாத்திரையும் ஒரே மருந்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. சளி மருந்திலும் அது கலந்திருக்கும். டெங்கி இருக்கும் காலத்தில் ஆஸ்பிரின், இபுபுரோபென் தொடாதீர்கள்.

சுகமாகி ஆறு மாதம் வலிப்பே வரவில்லை என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் நடக்கிறது. திடீரென்று நிறுத்தினால் முன்னிலும் கடுமையாக வரும். உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கிறார்கள். முறையாக மருந்து எடுத்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்குச் சோடியம் வால்புரோவேட் கொடுத்தால், கருவுக்கு ஆபத்து உண்டா என்று மருத்துவரைக் கேட்பது கணவனின் பொறுப்பும்கூட. பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாளே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மூளைக்காய்ச்சலால் வந்த வலிப்பு பரம்பரையாக இறங்குவதில்லை. எச்சில் பட்டாலும் வலிப்பு ஒட்டாது.

இனி வேலைக்கு வருவோம். மறைப்பதால் வேலை காப்பாற்றப்படுகிறது என்பது தவறான கணக்கு. நீண்ட கழியில் அரிவாளோடு பழம் வெட்டுகிறவர், டிராக்டர் ஓட்டுகிறவர், மில்லில் கொதிகலன் பக்கம் நிற்கிறவர் வலிப்பை மறைத்து வேலை செய்தால், ஒரு நாள் அவரையும் இழக்கலாம், பக்கத்தில் நின்றவரையும் இழக்கலாம். மருத்துவரிடம் எழுத்து மூலம் வாங்கி, நர்சரி வேலை, உதிரிப்பழம் பொறுக்குதல் போன்ற தரை வேலைக்கு மாற்றச் சொல்லுங்கள். தனி ஆளாக நிரைக்கு அனுப்பாமல் இன்னொருவரோடு சேர்த்து அனுப்பக் கேளுங்கள். மறுக்கப்பட்டால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். உழைக்கவே முடியாத நிலை வந்தால் சொக்சோவில் அதற்கென்றே ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. சந்தாக் கணக்கைச் சரிபார்த்து மனுச் செய்ய கிளை உதவ வேண்டும்.

நோயாளிக்குச் சட்டம் ஓரளவு கை கொடுக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், 2 முதல் 5 ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள்; 2023 ஜனவரி முதல் இது அந்த நாட்களோடு சேராமல் தனியாகக் கிடைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு நாளும் இல்லை. வருடாந்திர விடுப்பைத் தின்ன வேண்டும், அது தீர்ந்தால் சம்பளம் போக வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்காகக் கையெழுத்துப் போடவும், மாத்திரைக் கணக்குச் சொல்லவும் ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரி கேட்கிறது. அந்த ஆள் அன்றைக்குப் பெரட்டில் நிற்க வேண்டும் என்று நிர்வாகம் கேட்கிறது. அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், துணைவர் உயிராபத்தான நோயில் கிடக்கும்போது சம்பளத்தோடு சில நாட்களாவது கேட்டு வாங்க வேண்டும் என்று ஒவ்வொரு கிளையும் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும்.

அது வரும் வரை ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள். அனுமதியில்லாமல் தொடர்ந்து 2 வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், தகுந்த காரணம் இருந்து அதை முதலாளிக்குத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருந்தாலன்றி, ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ஆஸ்பத்திரி வாசலில் இருந்தே மண்டோருக்கும் ஆபீசுக்கும் கைப்பேசியில் செய்தி எழுதி அனுப்புங்கள். வாய்ச்சொல் போதாது. அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். வார்டில் சேர்த்த சீட்டின் படத்தையும் அதோடு சேர்த்துக் கிளைச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள்.