விருந்தாளி கேட்காத கேள்வி

மாலைத் தேநீருடன் வெள்ளரிக்காய் சாண்ட்விச் பரிமாறுவது ஆங்கிலேயர் வழக்கம். வெள்ளரிக்காய் நமக்கும் அந்நியமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைக் கனிந்த பேரீச்சம்பழத்துடன் உண்டார்கள் என ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம்.

வெள்ளரிக்காயைத் தோல் சீவி, மெல்லிய வட்டங்களாக அரிந்து, சிறிது உப்புத் தூவி 20 நிமிடம் நீர் வடியவிடுங்கள். பின்னர்த் துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளிலும் ஓரம்வரை க்ரீம் சீஸ் தடவினால் ஈரம் ரொட்டியில் எளிதில் இறங்காது. இடையில் வெள்ளரியை அடுக்கி, ஓரங்களை நீக்கி, முக்கோணமாக வெட்டுங்கள். நீக்கிய ஓரங்களை எறிவது வீண்விரயம். காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆகும்.

கவனம் வேண்டியது சீஸில்தான். சிலவற்றில் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. அது பன்றியிலிருந்தும் எடுக்கப்படும் பொருள். டப்பாவின் மேலுள்ள பட்டியலை வாசியுங்கள். ஐயமிருப்பின் விட்டுவிடுங்கள். கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, இரவு முழுதும் குளிர்பெட்டியில் நீர் வடியவிட்டால் அதுவே ஈடாகும்.

தட்டை நீட்டும்போது, ‘இது ஹலாலா?’ என்று எந்த விருந்தாளியும் கேட்பதில்லை. முஸ்லிம் வீடு என்ற நம்பிக்கையே அவருக்குப் போதும். அந்த நம்பிக்கை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர் கேட்காத கேள்வியைக் கடையிலேயே நாம் கேட்டுவிட வேண்டும்.