நடுவில் நின்றவர் போன பிறகு



சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் தைத்த குழந்தைகள் உடை, துணிப் பொம்மை, மெழுகுவத்தி என்று ஆன்லைனில் வெளிநாட்டுக்கு விற்பவர்கள் எழுதுகிறார்கள். ஜெர்மனி, பிரான்ஸ் வாடிக்கையாளர்களின் கண்ணுக்குத் தங்கள் பொருள் தெரியாமல் போய்விட்டது என்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு பொறுப்பாளரின் முகவரி இல்லாமல் விற்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். சின்ன வியாபாரிகளை விரட்டவே இப்படி ஒரு சட்டம் என்று பலருக்கும் மனத்தாங்கல். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2024 டிசம்பர் 13 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் புதிய பொதுப் பொருள் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வியாபாரிகள் ஜிபிஎஸ்ஆர் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். 2001-இல் வந்த பழைய விதிகளின் இடத்தில் 2023-இல் இயற்றப்பட்டது. உணவுக்கும் மருந்துக்கும் அங்கே தனிச் சட்டங்கள் உண்டு. மற்றபடி ஒரு குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேரும் பெரும்பாலான பொருள்கள் இதற்குள் அடங்கும். பழைய பொருளைப் புதுப்பித்து விற்றாலும் அடங்கும்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். திருப்பூரிலிருந்து பனியனும் கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் கன்டெய்னரில் போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பக்கம் ஓர் இறக்குமதியாளர் இருந்தார். அவர் சாம்பிள் கேட்டார், லேப் ரிப்போர்ட் கேட்டார், பட்டனை இழுத்துப் பார்த்தார், சில சமயம் சரக்கையே திருப்பி அனுப்பினார். அவருடைய கெடுபிடியைப் பற்றி நம் ஊரில் குறைப்படாதவர்கள் இல்லை. ஆனால் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றால் அந்த நாட்டு அரசு போய்க் கதவைத் தட்டுவதற்கு அவர் ஒருவர் இருந்தார். இன்று ஈரோட்டில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பும் பார்சல் நேராக பிரான்ஸின் லியோனில் இன்னொரு வீட்டுக்குப் போய் இறங்குகிறது. நடுவில் நின்றவர் போய்விட்டார். அவர் செய்துவந்த காவல் வேலையும் அவரோடு போய்விட்டது. காலியான அந்த இடத்தில் யாராவது நிற்க வேண்டும் என்றுதான் சட்டம் கேட்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இப்படி ஓர் அதிர்ச்சி நமக்குப் புதிதும் அல்ல. 1990-களில் ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்தது. உடலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களாக அந்தச் சாயங்கள் உடையும் என்பது காரணம். துணித் தொழிலும் தோல் தொழிலும் ஆடிப்போயின. ஏற்றுமதியே முடிந்தது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் சாயம் மாறியது, சோதனைக் கூடங்கள் வந்தன, 1997-இல் இந்திய அரசும் அத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. இன்று ஐரோப்பாவில் அந்த அமீன்களுக்கான வரம்பு ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராம். நம் தொழில் பிழைத்தது மட்டுமில்லை, அதே சாயத் தொட்டிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்த நம் ஆட்களுக்கும் அது நல்லதாகவே முடிந்தது.

இனி என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பொருளை அங்கே யார் கையாளப்போகிறார் என்று உட்கார்ந்து யோசியுங்கள். யோசித்ததை எழுதி வையுங்கள். அபாயப் பகுப்பாய்வு என்று சட்டம் பெரிய பெயரில் கேட்பதன் தொடக்கம் இதுதான். பொருளின் விவரத்தோடும் சோதனை அறிக்கைகளோடும் அதைச் சேர்த்து ஒரு கோப்பாக்கி, பொருளைச் சந்தையில் விட்ட நாளிலிருந்து 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். பட்டுப் பாவாடை சட்டையில் பின்கழுத்தில் கயிறு வைத்து, நுனியில் குஞ்சம் கட்டித் தைப்பது நமக்குப் பிடித்த வழக்கம். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் குழந்தை உடையின் கயிறு, நாடாக்களுக்கென்றே ஐரோப்பாவில் இஎன் 14682 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி 7 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உடையில் கழுத்துப் பகுதியிலோ தலைமூடியிலோ தொங்கும் கயிறு இருக்கவே கூடாது. அதற்கு மேல் 14 வயது வரை நீளத்துக்கும் முடிச்சுக்கும் வரம்புகள் உண்டு. சறுக்குமரத்தின் இடுக்கில் அந்தக் குஞ்சம் மாட்டிக்கொண்டு, குழந்தை கீழே சறுக்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இடுப்பில் நீளமாகத் தொங்கும் நாடா பேருந்துக் கதவில் சிக்கும். குழந்தைகளின் உயிர் போன பிறகு எழுதப்பட்ட விதிகள் இவை. கயிற்றை எடுத்துவிட்டுப் பட்டன் வைத்துத் தைத்தால் சட்டையின் அழகு குறையப்போவதில்லை. நம் ஊர்க் குழந்தைக்குத் தைக்கும்போதும் அப்படியே தைக்கலாம் என்பது என் ஆசை.

பொம்மை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொம்மைகளுக்குத் தனிச் சட்டமும் இஎன் 71 சோதனைகளும், விதிகளுக்கு இணங்கிய பொருள் என்று காட்டும் சிஇ முத்திரையும் உண்டு. அதிலிருந்து தப்பிக்க "இது அலங்காரப் பொருள்" என்று எழுதிவிட்டால் போதும் என யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். போதாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை விளையாடத் தோதாகச் செய்த பொருள், விற்பவர் என்ன பெயர் வைத்தாலும் விளையாட்டுப் பொருள்தான். மறுபக்கம், சிஇ தேவையில்லாத சாதாரண உடையில் அந்த முத்திரையைக் குத்துவதும் தவறு. சோப்பு, கண்மை, குளியல் பொடி விற்பவர்களுக்கு அழகுசாதனச் சட்டம் தனியாக இருக்கிறது. தகுதியுள்ள நிபுணரின் பாதுகாப்பு அறிக்கை இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அடுத்தது பெயரும் முகவரியும். தயாரித்தவரின் பெயர், அஞ்சல் முகவரி, மின்னஞ்சல் போன்ற மின்முகவரி ஆகியவை பொருளில் இருக்க வேண்டும். பொருளில் இடமில்லை என்றால் பொட்டலத்திலோ கூட வரும் தாளிலோ இருக்கலாம். பேட்ச் எண் போன்ற ஓர் அடையாளமும் வேண்டும். இணையத்தில் விற்கும் பக்கத்திலும் இந்த விவரங்களும் பொறுப்பாளரின் விவரங்களும் படத்தோடு தெரிய வேண்டும். எச்சரிக்கை வாசகங்கள் வாங்குபவரின் நாட்டு மக்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஜெர்மனிக்கு அனுப்புகிறவர் ஆங்கிலத்தோடு நின்றுவிடக் கூடாது. பலர் கவனிக்காத ஒன்று: சந்தையில் மொத்தமாக வாங்கி உங்கள் பெயரில் லேபிள் தைத்து விற்றால், சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் நீங்கள்தான். தைத்தவர் வேறு ஊரில் இருக்கிறார் என்பது அங்கே செல்லாது.

பொறுப்பாளர் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். "லண்டனில் அண்ணன் இருக்கிறார், அவர் முகவரியைப் போடலாமா?" என்று கேட்கிறார்கள். லண்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆகவே முடியாது. பிரிட்டனில் வட அயர்லாந்துக்கு அனுப்புகிற சரக்குக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தும். ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளரோ, உங்களிடம் எழுத்துமூல அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ பொறுப்பாளர் ஆகலாம். அங்கே சரக்கை வைத்துப் பொட்டலம் கட்டி அனுப்பித் தரும் நிறுவனமும் ஆகலாம். பாரிஸிலோ ஜெர்மனியிலோ உள்ள உறவினரைக் கேட்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இது கதவிலக்கத்தை இரவல் வாங்கும் காரியம் இல்லை. ஆவணங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பதும், அதிகாரிகள் கேட்டால் பதில் சொல்வதும், ஆபத்து தெரிந்தால் தகவல் கொடுப்பதும் அவர் கடமையாகிவிடும். உங்கள் கோப்பை அவரிடம் முழுதாகக் காட்டாமல் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். கொஞ்சம் பணத்துக்கு வெறும் முகவரி மட்டும் விற்க வருகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். கோப்பைக் கேட்டுப் படிக்காத பொறுப்பாளர் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தரமாட்டார்.

தவறான பொருள் போய்விட்டால் திரும்பப் பெற வேண்டும். இந்தச் சட்டத்தில் என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் வருகிறது. அறிவிப்பில் "முன்னெச்சரிக்கையாக", "தாமாக முன்வந்து", "அரிதான சூழலில்" போன்ற சொற்களைப் போட்டு ஆபத்தை மெழுகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதுவரை விபத்து எதுவும் நடக்கவில்லை என்று சமாதானம் சொல்வதற்கும் இடமில்லை. பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டை வாங்கியவர் முன் வைத்து அவரைத் தேர்ந்தெடுக்கவிட வேண்டும். வாங்கியவரின் விவரம் கையில் இருந்தால் அவருக்கே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். ஆகவே எந்த பேட்ச் யாருக்குப் போனது என்று இன்றே ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்குங்கள்.

ஐரோப்பிய ஆணையத்தின் சேஃப்டி கேட் தளத்தில் ஆபத்தான பொருள்களின் பட்டியல் வாராவாரம் வெளியாகிறது. 2024-இல் மட்டும் 4,137 எச்சரிக்கைகள். அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு வந்ததில்லை. ஒவ்வொன்றிலும் படமும், எந்த நாட்டில் செய்தது என்பதும், என்ன ஆபத்து என்பதும் இருக்கும். நீங்கள் செய்யும் பொருளின் வகையைத் தேடி, உங்களுடையதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செலவில்லாத பாடம். பார்த்தபின் எழும் சந்தேகங்களைப் பொருளின் படத்தோடு எனக்கு எழுதுங்கள். விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு வரும் இதழ்களில் பதில் தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்