நான்கு போல்ட்டுகள்

2024 ஜனவரி 5-ஆம் நாள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்து 177 பேருடன் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கிளம்பிற்று. சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் அதன் பக்கச் சுவரிலிருந்து கதவளவு துண்டு ஒன்று பிய்த்துக்கொண்டு போயிற்று! ஓட்டையை ஒட்டிய இருக்கை அன்று காலியாக இருந்தது. உயிர்ப்பலி இல்லை.

ஓட்டை விமானமோ, பழைய விமானமோ அல்ல. போயிங் கம்பெனி அதைச் செய்து கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

கூடுதல் வாசல் தேவைப்படாத விமானங்களில் அந்த இடத்தை ஓர் அடைப்புக் கதவால் மூடிவிடுவார்கள். அது நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டியவை நான்கு போல்ட்டுகள். அந்த நான்கும் திரும்பப் போடப்படவே இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது.

"எவனோ ஒரு தொழிலாளியின் கவனக்குறைவு!" முதலாளிமார் பாடும் இந்தப் பல்லவி நமக்குப் புதிதா? நடந்ததைக் கேளுங்கள், தோழர்களே.

விச்சிட்டா நகரில் செய்த விமான உடல், ரெண்டன் நகரத் தொழிற்சாலைக்கு வந்தது. கதவருகே ரிவெட்டுகள் பழுது. 2023 செப்டம்பரில் அவற்றைச் சரிசெய்ய அடைப்புக் கதவைத் திறந்தார்கள். திறந்தால் ஏட்டில் பதிய வேண்டும். பதிந்தால்தான் மூடியபின் பரிசோதகர் வந்து பார்ப்பார். பதியவில்லை, பரிசோதகரும் வரவில்லை. கதவுப் பிரிவில் 24 பேர். அந்த அடைப்பைக் கழற்றிப் பழகியவர் அவர்களில் ஒரே ஒருவர். அவர் அன்று விடுப்பில் இருந்தார்!

விடுப்பில் போனவர் குற்றவாளியா? ஒரு வேலையை 24 பேரில் ஒருவருக்கு மட்டும் தெரியும்படி வைத்திருந்த நிர்வாகம் குற்றவாளியா? பட்டறை கண்ட எவரும் விடை சொல்வர். கைவேலை ஏட்டைப் படித்து மட்டும் வருவதல்ல; தெரிந்தவர் அருகே நின்று, பார்த்து, செய்து, திட்டு வாங்கி வருவது. அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் கம்பெனியின் கணக்கில் செலவு. அவசரப்படுத்தினார்கள், பழகாத வேலையில் இறக்கினார்கள் என்று தொழிலாளர்களே விசாரணையில் சொன்னார்கள். 2019-லேயே 900 வரையில் பரிசோதகர் இடங்களைக் குறைக்கத் திட்டமிட்டது இதே கம்பெனி! எதிர்த்தது யூனியன்.

(விச்சிட்டா ஆலையை 2005-ல் விற்றவர்களும் இவர்களே. 2025 டிசம்பரில் அதை மீண்டும் வாங்கிக்கொண்டார்கள். இருபது ஆண்டு இலாபக் கணக்கை யாரிடம் கேட்பது?)

2025 ஜூனில் வாரியம் முடிவு கூறிற்று: போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் தரத் தவறியது போயிங். தனி ஒருவர் தலையில் பழி விழவில்லை.

அறிந்ததை அடக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதை விமான உலகம் முன்பே கண்டிருக்கிறது. 1974 டிசம்பர் 1-ல் வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். ஆறு வாரங்களுக்கு முன் அதே இடத்தில், அதே குழப்பத்தால், யுனைடெட் கம்பெனி விமானம் ஒன்று மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் சொன்னார்கள். யுனைடெட் தன் ஆட்களை எச்சரித்தது. அடுத்த கம்பெனிக்குச் சேதி போகவில்லை! அதன் பிறகே, 1976-ல், நாசாவின் பொறுப்பில் ஓர் ஏற்பாடு பிறந்தது. தவறு நேர்ந்தவர் தாமே எழுதலாம். பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்வார்கள். தண்டிக்கும் அதிகாரம் நாசாவுக்கு இல்லை. ஆகவே நம்பி எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள்.

போயிங்கின் நிலை என்ன? குறை சொன்னால் பழிவாங்குவார்களோ என்று ஊழியர்கள் அஞ்சுவதாக 2024 பிப்ரவரியில் நிபுணர் குழு ஒன்று அறிக்கை தந்தது. பயந்தவன் வாய் திறப்பானா? ஏட்டில் உண்மையை எழுதுவானா?

அதே ஆண்டு 33,000 போயிங் தொழிலாளர்கள் ஐம்பது நாட்களுக்கு மேல் வேலைநிறுத்தம் நடத்தி, நான்கு ஆண்டுகளில் 38 சதவீதக் கூலி உயர்வு பெற்றார்கள். வாழ்த்துகிறோம். அடுத்த ஒப்பந்தம் பேச உட்காரும்போது, கற்பிக்கும் நேரத்துக்குக் கூலி, பரிசோதகர் இடங்களுக்கு உத்தரவாதம், குறையை எழுதியவர் மீது நடவடிக்கை இல்லை என்ற எழுத்துபூர்வமான உறுதி ஆகிய மூன்றையும் கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்கிறோம்.